மல்லையில் நடந்தோம், கருங்குழியைக் கண்டோம்

விழா மலர்க் குழுவினர் எங்களிடம் ஒப்படைத்த பணி சிறியதுதான். நம் வட்டாரத்தின் பழைய வரலாற்றை நாலைந்து பக்கங்களில் எழுதித் தரவேண்டும். ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர், ஆசிரியர் இருவர், மரியாயின் சேனைத் தாய்மார் மூவர், கல்லூரிப் பிள்ளைகள் இருவர், ஆக எட்டுப்பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத் திண்ணையில் கூடினோம். திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டினோம். பெயர் இருந்தது, தேதி இருந்தது, ஞானப் பெற்றோர் யார் என்பதும் இருந்தது. ஊர் மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. பிள்ளைகள் கைப்பேசியில் 'கருங்குழி' என்று தேடினார்கள். வந்ததெல்லாம் வள்ளலார் இராமலிங்க அடிகள் தங்கியிருந்த கருங்குழி. அது வடலூருக்குப் பக்கத்தில் உள்ள ஊர். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள நம் ஊர் அன்று. பெயரைக்கூட நமக்கென்று தனியாக வைத்திருக்கவில்லையே என்று உபதேசியார் பெருமூச்சு விட்டார்.

இதே வாரங்களில்தான் இன்னொரு முடிவும் நடந்தது. விழாவை முன்னிட்டுக் கல்லறைத் தோட்டத்தைச் சீர்படுத்துவது, வாசலிலிருந்து பெரிய சிலுவை வரையில் சிமெண்டுப் பாதை போடுவது, பாதைக்கு இடைஞ்சலாகச் சாய்ந்தும் புதைந்தும் கிடக்கும் பழைய கற்களை எடுத்து மதிலுக்கு அஸ்திவாரமாகப் போட்டுவிடுவது என்று கூட்டத்தில் தீர்மானமாயிற்று. அந்தக் கற்களுக்கு உரியவர் என்று யாரும் எழுந்து பேசவில்லை. வரலாறு எழுதப் புகுந்த எங்களில் ஐந்து பேர் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் திண்ணைக் கூட்டம் ஓர் அடியும் நகராததைக் கண்ட பங்குத்தந்தை, "எழுதுவதற்கு முன் எங்காவது போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்றார். மாமல்லபுரம் போகலாம் என்று முடிவாயிற்று. நம்மில் மாமல்லபுரம் பார்க்காதவர் யார்? பள்ளிச் சுற்றுலா போயிருப்போம். வேளாங்கண்ணி போய்த் திரும்புகையில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் கடற்கரையில் நின்றிருப்போம். ஐம்பது பேராகப் போனால் ஐம்பது பேரையும் எண்ணி வண்டியில் ஏற்றுவதற்கே பொழுது சரியாகிவிடும். இந்தத் தடவை அப்படி வேண்டாம், எட்டே பேர் போவோம், எங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு பகல் முழுதும் நடந்தே பார்ப்போம் என்று தீர்மானித்தோம். தாய்மாரில் ஒருவருக்கு மட்டும் ஒரு தயக்கம். விழாவுக்கு நோன்பு இருக்கிற நாளில் பிற சமயக் கோவில்களைச் சுற்றலாமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்ததைப் பங்குத்தந்தை எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் வாதாடவில்லை. "மதிய சோற்றுக்கு மட்டும் நான் வரமாட்டேன், நோன்பு நோன்புதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

செங்கற்பட்டிலிருந்து கிழக்கே திரும்பினால் வழியில் திருக்கழுக்குன்றம். அந்தக் குன்றின் பாறையில் குடைந்த ஒருகல் மண்டபம் ஒன்று உண்டு. அதன் கல்லில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர் சிலர் தங்கள் பெயரையும் ஆண்டையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்கிக் கப்பலேற்ற வந்திருந்த வணிகர்கள் அவர்கள். வேலை ஓய்ந்த நாளில் மலை பார்க்க வந்து, யாரோ ஓர் ஊர்க்காரர் வழி காட்ட ஏறி, போகிற போக்கில் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மண்டபத் தூண்களில் செய்கிற அதே குறும்புதான். முந்நூறு ஆண்டு கடந்துவிட்டதால் அதற்கு இப்போது சரித்திரம் என்று பெயர்! சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. செதுக்கு வேலைப்பாடு அமைந்த பெரிய பெரிய கற்கள். சொந்தக்காரர் எவரும் இந்த நாட்டில் இல்லாத அந்தக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாத்து வைத்திருக்கிறது. இதை வண்டியில் உபதேசியார் சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

வழிகாட்டி அறுபதைத் தாண்டியவர். கல் தச்சர் வீட்டில் பிறந்து, கண்பார்வை மங்கியதால் உளியை வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்ததாகச் சொன்னார். எங்களைப் பார்த்தவுடன் ஒரு கேள்வி கேட்டார். "கதை வேணுமா, கல் வேணுமா? கதைன்னா ஒரு மணி நேரம். கல்லுன்னா சாயங்காலம் ஆயிடும்." கல்தான் என்றோம்.

வழி காட்டுகிற தொழிலுக்கு அவ்வூரில் நல்ல பழமை உண்டு. மேனாட்டு மாலுமிகள் இவ்வூரை ஏழு கோவில் என்று பெயரிட்டுக் கடலிலிருந்தே அடையாளம் வைத்திருந்தார்கள். வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1772லும் 1776லும் வந்து பார்த்து, ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய கட்டுரை 1788இல் அச்சாயிற்று. கர்னல் மெக்கன்சியிடம் பணியாற்றிய காவலி லட்சுமையா என்ற நம் நாட்டவர் 1803இல் ஒவ்வொரு பாறையாக நடந்து பார்த்துக் குறிப்பெழுதினார். கடைசியாக, 2019 அக்டோபர் 11ஆம் நாள் நம் பிரதமர் வேட்டி கட்டிக்கொண்டு சீன அதிபருக்குத் தாமே வழிகாட்டியாக நடந்ததை நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். "அன்னிக்கு எங்க யாருக்கும் வேலையில்லை, ஊரையே அடைச்சிட்டாங்க" என்று பெரியவர் சிரித்தார்.

முதலில் அர்ச்சுனன் தபசு. ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உள்ள பாறை முகப்பு. நடுவில் இயற்கையாக அமைந்த பிளவு. அர்ச்சுனன் பாசுபதம் வேண்டித் தவமிருப்பது என்பார் ஒரு சாரார். பகீரதன் தவத்தால் கங்கை இறங்குவது என்பார் மறு சாரார். பெரியவர் இரண்டையும் சொல்லிவிட்டு, எது சரி என்று தீர்ப்புக் கூறவில்லை. பாறைக்கு மேலே தண்ணீர் தேக்குவதற்கு இருந்த இடத்தைக் காட்டினார். தண்ணீர் விட்டால் பிளவின் வழியே நாகர்கள் மேல் வழிந்து இறங்குமாம். ஒற்றைக்காலில் நின்று எலும்பும் தோலுமாய்த் தவமிருக்கும் முனிவரைக் காட்டிய கையோடு, கீழே யானையின் பக்கத்தில் அதே பாவனையில் இரு கையும் தூக்கி நிற்கும் பூனையையும், அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகளையும் காட்டினார். நோன்பிருந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நம்ம ஊரிலும் இந்தப் பூனைகள் உண்டு, தவக்காலத்தில் முன் வரிசையில் நிற்கும்" என்றார். அவர் யாரைச் சொன்னார் என்பதை நாங்கள் கேட்கவில்லை.

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையிடம் எல்லோரும் செய்வதுபோலவே பிள்ளைகள் கையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சுமார் 250 டன் எடை என்று மதிப்பிடுகிறார்கள். யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்ற கதையைப் பெரியவர் ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொண்டு எங்களை அப்பால் அழைத்துப் போனார். அவருக்கு உற்சாகம் வந்ததெல்லாம் முடிக்கப்படாத குடைவரைகளின் முன்னால்தான். நாங்கள் இதுவரை எட்டிப் பார்க்காத இடங்கள் அவை. பாறையின் முகத்தில் சதுரம் சதுரமாகக் கோடு இழுத்து, கோட்டை ஆழமாக வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் கட்டிகளை உடைத்து எடுத்திருக்கிறார்கள். மறுபடி கோடு, மறுபடி உடைப்பு. இப்படியே ஒரு சாண், இரண்டு சாண் என்று மலைக்குள் புகுந்திருக்கிறார்கள். வேறு சில பாறைகளில் ஆப்புக் குழிகள் தையல் போட்டதுபோல் வரிசையாக நிற்கின்றன. "முடிஞ்ச கோவிலைப் பார்த்தா ராஜா தெரிவான். முடியாத கோவிலைப் பார்த்தாத்தான் வேலைக்காரன் தெரிவான்" என்றார். அந்தச் சதுரக் கட்டிகளுக்கு முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். ஒரு கட்டி பாதி உடைந்து நிற்கிறது. அன்று மாலை வேலை நிறுத்தியவன் மறுநாள் வரவேயில்லை.

ஐந்து ரதங்களும் ஒற்றைக் கற்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தவை. அதனால்தான் சிகரம் நிறைவாகவும் அடிப்பாகம் குறையாகவும் இருக்கிறது. பாண்டவர் பெயரெல்லாம் பின்னாளில் ஊர்வாய் வைத்த பெயர். கட்டியவர் மாமல்லன் எனப் பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் என்றும், அவரை அடுத்து வந்தோரும் பங்கு கொண்டனர் என்றும் பெரும்பாலோர் கொள்வர். இவையனைத்தும் இராசசிம்மன் ஒருவன் பணியே என்று 1962இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி எழுதினார். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. உச்சி வெயிலில் கலங்கரை விளக்கத்தின் பக்கமாக ஏறி, உலக்கணேசுவரர் கோவில் நிழலில் உட்கார்ந்தோம். இப்போதைய விளக்கம் கட்டப்படுவதற்கு முன் அந்தக் கோவிலின் கூரையே கப்பல்களுக்கு விளக்கம். இறைவன் வீட்டின் மேல் மாலுமிக்காக ஒரு விளக்கு எரிந்திருக்கிறது. நாங்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். அம்மாள் சொன்னபடியே தண்ணீர் மட்டும் குடித்தார்.

கடற்கரைக் கோவிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட திருமால் இருக்கிறார். அங்கே பெரியவர் சிலை எதையும் விளக்கவில்லை. கடலைக் காட்டி 2004 டிசம்பர் 26ஐப் பற்றிச் சொன்னார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அலை வருவதற்கு முன் கடல் வெகு தூரம் உள்வாங்கியதையும், அதுவரை யாரும் பார்த்திராத பாறைகள் தலை காட்டியதையும் ஊரார் கண்டிருக்கிறார்கள். அலை மணலைச் சுரண்டிப் போன பிறகு சாளுவன்குப்பத்தில் கல்வெட்டு வெளிப்பட்டு, 2005இல் தோண்டியபோது பல்லவர் காலத்துக்கும் முந்திய செங்கல் முருகன் கோவில் கிடைத்தது. வேளாங்கண்ணியில் அன்று காலை நம் சனங்கள் எத்தனை பேர் போனார்கள் என்பதை நாங்கள் அவரிடம் சொன்னோம். அவரும் இந்தக் கரையில் போனவர்களைச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை. உபதேசியார் மெல்லிய குரலில் 'அருள் நிறைந்த மரியே' தொடங்க, பெரியவர் தலைப்பாகைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். "இன்னும் ஒரு இடம். பஸ்ஸில வர்றவங்களுக்குக் காட்டுறதில்லை" என்றார். ஊருக்கு மேற்கே பூஞ்சேரி. நொண்டி வீரப்பன் தோட்டம் என்கிற இடத்தில் சாதாரணப் பாறை ஒன்று. சிற்பம் எதுவும் கிடையாது. குனிந்து பார்த்தால் பழைய எழுத்துக்கள். கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து பாறையை நனைத்தார். சாய்ந்த வெயிலில் எழுத்து மேலெழுந்தது. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன் என்று வரிசையாகச் சில பெயர்கள். இவர்கள் மல்லையில் வேலை செய்த தச்சரும் கொல்லரும் என்று அறிஞர் கருதுகிறார்கள். அரசன் தன் பட்டப் பெயர்களைத் தருமராச ரதம் முழுதும் வெட்டிக்கொண்டான். வேலைக்காரர்கள் ஊருக்கு வெளியே, யாருக்கும் இடைஞ்சலில்லாத ஒரு பாறையில் தங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உளியைத் தீட்டிக் கொடுத்த கொல்லனும் அந்த வரிசையில் இருக்கிறான் என்பதைப் பெரியவர் இரண்டு தடவை சொன்னார். அவருடைய பாட்டனார் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவராம்.

திரும்பி நடக்கையில் வழியெங்கும் சிற்பப் பட்டறைகள். 1957இல் அரசு சிற்பப் பள்ளியை இங்கே தொடங்கியபின் தழைத்த தொழில் இது. பிள்ளையாருக்கும் புத்தருக்கும் இடையில் மாதா சுரூபம் ஒன்று நின்றது. குழந்தை சேசு கையில் இருந்தார், முகம் மட்டும் இன்னும் வெறும் கல். "முகம் கடைசியாத்தான்" என்றார் பட்டறைக்காரர்.

விடை பெறும்போது வழிகாட்டிப் பெரியவர் வழக்கமாகக் கேட்பதுபோல், "ஐயா, நீங்க எந்த ஊரு?" என்றார். கருங்குழி என்றோம். "உங்க ஊரில் என்ன இருக்கு?"

எட்டுப்பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ஒன்றும் இல்லை, நெடுஞ்சாலை இருக்கிறது" என்றார் ஆசிரியர். பெரியவர் விடவில்லை. "கோட்டை இருந்த ஊராச்சே. கலெக்டர் இருந்த ஊராச்சே" என்றார். பகல் முழுதும் மல்லையைக் காட்டியவர் கடைசியில் நம் ஊரையும் நமக்குக் காட்டிவிட்டார்!

ஊர் திரும்பி நூல்களைத் தேடினோம். தேடியதைச் சுருக்கமாகத் தருகிறோம். கருங்குழிக் கோட்டை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கருநாடகத்துக்குச் சண்டையிட்ட காலத்தில் இருவர் கண்ணையும் உறுத்திய கோட்டை. காரணம் எளிது. சென்னையிலிருந்து தெற்கே போகும் பாதையும், வந்தவாசிப் பக்கம் போகும் பாதையும் இதன் பீரங்கிக்குப் பணிந்தே போகவேண்டும். அயர் கூட் 1759 நவம்பர் கடைசியில் வந்தவாசியைப் பிடித்தார். அடுத்து அவர் வந்தது இங்கேதான். டிசம்பர் 10ஆம் நாள் கருங்குழியிலிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதற்கு ஆறு வாரம் கழித்து, 1760 ஜனவரி 22இல் நடந்ததுதான் பாடப் புத்தகத்தில் நாம் படிக்கும் வந்தவாசிப் போர். பிற்பாடு ஹைதர் அலியின் படை கோட்டையை வைத்திருந்தது. 1781 ஜனவரியில் கூட்டின் ஆணைப்படி கேப்டன் டேவிஸ் என்பவர் திடீரென்று தாக்கி மீட்டார். இப்படிக் கைமாறிய ஒவ்வொரு தடவையும் சுற்று வட்டாரத்து நெல்லும் மாடும் யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

1763இல் நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் ஜாகீர் முழுதையும் ஊர் ஊராக அளந்தார். வீடு, தொழில், ஏரி, மானியம் எல்லாம் கணக்கில் ஏறின. 1788 தொடங்கி, சிறு இடைவெளி தவிர 1825 வரையிலும், மறுபடி 1835 முதல் 1859 வரையிலும் இந்த மாவட்டத்துக்குக் கருங்குழியே தலைநகர். காஞ்சிபுரம் நடுவில் பத்தாண்டு, அதன்பின் சைதாப்பேட்டை. இன்று செங்கற்பட்டுத் தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தானே, அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கலெக்டர் கச்சேரி நம் ஊரில் நடந்திருக்கிறது! மதுராந்தகம் ஏரிக்கரையை இராமர் காத்த கதையில் வரும் லியோனல் பிளேஸ் துரை 1790களின் பிற்பகுதியில் அந்தப் பதவியில் இருந்தவர். தாயார் சன்னதித் திருப்பணியில் அவர் பெயர் கல்லிலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊராருக்கு உரிமைச் சீட்டு அளித்தவரும் அவரே. கோட்டையையும் கச்சேரியையும் சுற்றிப் பல்லக்குத் தூக்கியவர், குதிரைக்குப் புல் அறுத்தவர், சமையல் செய்தவர், மண் சுமந்தவர் என்று எத்தனையோ பேர் இருந்திருக்கவேண்டும். அவர்கள் பெயருக்குப் பூஞ்சேரிப் பாறை எதுவும் இங்கே இல்லை.

இல்லையா? அடுத்த ஞாயிறு மாலை நாங்கள் எட்டுப்பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஆளுக்கொரு செம்பில் தண்ணீர். நாலரை மணி வெயில் பக்கவாட்டில் விழும் நேரம். மல்லைப் பெரியவர் செய்ததுபோலவே சாய்ந்து கிடந்த கற்களைத் துடைத்து நனைத்தோம். பாசியும் சுண்ணாம்பும் மூடியிருந்த மூன்று கற்களில் எழுத்தே இல்லை. ஒன்றில் சிலுவை மட்டும். பதினொரு கற்களில் எழுத்துத் தெரிந்தது. ஒன்றில் பெயரின் முன்பாதி போய் '...யம்மாள்' என்பது மட்டும் நின்றது. ஆண்டில் 18 என்ற இரண்டு இலக்கம் நின்றது. நோன்பிருந்த அம்மாள் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தார். கல்லூரிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்றிரவே அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனோம். கை தூக்கிய ஐந்து பேரும் முன்னால் போனோம்.

சிமெண்டுப் பாதை இப்போது சற்று வளைந்து போகும். அதற்காகும் கூடுதல் செலவுக்கு நன்கொடைச் சீட்டு சேகரிக்கிறார்கள். நாங்கள் எட்டுப்பேரும் போட்டுவிட்டோம். பதினொரு பெயர்களையும் தெரிந்த மட்டும் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். அவற்றில் யாரேனும் உங்கள் குடும்பத்தவராக இருந்தால் பங்கு இல்லத்தில் தெரிவிக்கவும். விழாக் கொடி இறக்கிய பின் வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, கோட்டை இருந்த இடத்தைச் சுற்றிப் பிள்ளைகளோடு நடக்கப் போகிறோம். மல்லைப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முள் அதிகம், செருப்புப் போட்டுக்கொண்டு வரவும். தண்ணீர்ச் செம்பு ஒன்றும் கொண்டு வரவும்.